வைக்கோல் பூஞ்சை கண்ணுக்கு வந்தால்

மாசி, பங்குனியில் பிசான நெல் அறுவடை நடக்கும்போது எங்கள் ஓ.பி.யில் சிவந்த கண்கள் கூடிவிடும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்து வருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே கதைதான். இப்போது அறுப்பது மெஷின் என்றாலும் தூசிக்குக் குறைவில்லை. வைக்கோல் கட்டு ஏற்றும்போது தாள் கண்ணில் குத்தியிருக்கும், கசக்கியிருப்பார்கள். "மெடிக்கல்ல சொட்டு மருந்து வாங்கி விட்டேன் டாக்டர். ரெண்டு நாள் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப பார்வை மறைக்கு." டார்ச் அடித்தால் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும்.

அந்த ரெண்டு நாள் நிம்மதிதான் எனக்குப் பயம். ஏன் என்று புரிய, அந்தப் புள்ளிக்குக் காரணமான பூஞ்சை எப்படிப் பிழைக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும்.

பூஞ்சை செடி இல்லை. அதற்குப் பச்சையம் கிடையாது. பாக்டீரியாவும் இல்லை. அதன் செல்லுக்குள் நம் செல்லைப் போலவே உட்கரு உண்டு. பரிணாம வழியில் பார்த்தால் அது செடிகளைவிட நமக்குத்தான் நெருங்கிய சொந்தம். செல் சுவர் கைட்டினால் ஆனது. இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். நாம் சாப்பிட்டுவிட்டுச் செரிக்கிறோம். பூஞ்சை முதலில் நொதிகளை வெளியே விட்டு எதிரில் இருப்பதைக் கரைக்கும், அப்புறம் உறிஞ்சிக்கொள்ளும். மழையில் நனைந்த வைக்கோல் மக்குவது இப்படித்தான். தென்னிந்தியாவில் கண்ணில் அதிகம் காண்பது ஃப்யூசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு வகைகள். வாழைக்கு வாடல் நோய் தருவதும் ஒரு ஃப்யூசேரியம்தான், வேறு இனம்.

நல்ல கருவிழியில் இதன் வித்துகள் எளிதில் ஒட்டாது, கண்ணீரே கழுவிவிடும். தாள் கீறிய இடத்தில்தான் வழி கிடைக்கிறது. கருவிழியில் ரத்தக்குழாய் இல்லாததால் எதிர்ப்பு அணுக்கள் வந்து சேரவும் தாமதமாகும். அதற்குள் வைக்கோலைக் கரைத்த அதே வேலை இங்கே தொடங்கிவிடும்.

கண்ணை மரத்துப்போகச் செய்து, புண்ணின் ஓரத்தை பிளேடால் லேசாகச் சுரண்டுவோம். கண்ணாடித் தகட்டில் தடவி, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு. திசு கரைந்து தெளிந்துவிடும், கைட்டின் சுவர் கரையாது. சில நிமிடங்களில் மைக்ராஸ்கோப்பில் மூங்கில்போல கணுக்கணுவாக, கிளை பிரிந்த இழைகள் நிற்கும். பெரிய லேப் எதுவும் இதற்குத் தேவையில்லை.

பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் இதை ஒன்றும் செய்யாது. நம் செல்லும் பூஞ்சை செல்லும் ஏறக்குறைய ஒரே மாதிரி என்பதால், நம்மைத் தொடாமல் அதை மட்டும் அடிக்கும் மருந்துகள் குறைவு. கிடைத்த ஒரு வித்தியாசம்: நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால், அதனுடையதில் எர்கோஸ்டெரால். நாட்டமைசின் என்ற சொட்டு மருந்து அந்த எர்கோஸ்டெராலைத்தான் பிடிக்கும். 1955-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதி மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா கொடுத்த மருந்து இது. இன்னும் அதுதான் முதல் கை. ஃப்யூசேரியத்துக்கு அது வோரிகோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தைவிட நன்றாகக் கேட்கிறது என்று, தென்னிந்திய நோயாளிகளிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. பாட்டிலில் அடியில் படிந்திருக்கும், நன்றாகக் குலுக்கிவிட்டுத்தான் விட வேண்டும். குறை என்னவென்றால் ஆழமாக இறங்காது. இழை உள்ளே போன பிறகு வந்தால் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை வரை போக வேண்டியிருக்கும்.

சரி, அந்த மெடிக்கல் சொட்டு மருந்து? பலமுறை அதில் ஸ்டெராய்டு இருக்கும். சிவப்பும் வலியும் நம் உடல் சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டெராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். கண் வெளுக்கும், பூஞ்சை தடையில்லாமல் வளரும்.

தூசி விழுந்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள், கசக்காதீர்கள். நாக்கால் எடுப்பது, தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். மறுநாளும் உறுத்தினால் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். ஏற்கெனவே ஏதாவது மருந்து விட்டிருந்தால் அந்த பாட்டில் காலியானாலும் கையோடு கொண்டு வாருங்கள். டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டெராய்டு பெயர்கள் லேபிளில் இருக்கிறதா என்றுதான் நாங்கள் முதலில் பார்ப்போம்.