பத்தியாளர்: ஒரு சொல்லின் வரலாறு

நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், குறித்த கிழமைகளில், ஒருவருடைய பெயருக்குக் கீழே வெளிவரும் தொடர் எழுத்தை ‘column’ என்ற சொல்லின் ஆங்கில ஒலிப்பிலேயே ‘காலம்’ என்றும், எழுதுபவரைக் ‘காலம்னிஸ்ட்’ என்றும் பலர் சொல்லிவருகின்றனர். பொழுதைக் குறிக்கும் நம் ‘காலம்’ என்ற சொல்லோடு இது மோதிக் குழப்புகிறது. இவற்றுக்குப் ‘பத்தி’, ‘பத்தியாளர்’ என்ற தமிழ்ச் சொற்களே பொருந்தும்.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன் ‘கொலும்னா’; பொருள் தூண். பக்கத்தைச் செங்குத்தாகப் பிரித்து எழுதிய ஒடுங்கிய கூறு தூண்போல் நின்றதால் அப்பெயர் பெற்றது. பின்னர் அந்த இடத்தின் பெயரே அங்கு வழக்கமாக வரும் எழுத்துக்கும் ஆகிவந்தது; அதிலிருந்து எழுதுபவரின் பெயரும் பிறந்தது. ஆகவே இச்சொல் எழுத்தின் வடிவத்தையன்று, ஒருவருக்கென ஒதுக்கிய இடத்தையே முதலில் சுட்டுகிறது.

அமெரிக்க விளையாட்டுப் பத்தியாளர் ரெட் ஸ்மித்தின் பணிவாழ்வு இதற்கு நல்ல சான்று. விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே நகரில் 1905இல் பிறந்த அவர், மில்வாக்கியில் செய்தியாளராகத் தொடங்கி, செயின்ட் லூயிஸ், பிலடெல்பியா வழியாக 1945இல் நியூயார்க் ஹெரால்டு டிரிபியூன் நாளிதழுக்கு வந்தார். 1966இல் அவ்விதழும், அடுத்த ஆண்டே அதன் வழித்தோன்றலான இதழும் நின்றுபோக, நியூயார்க்கில் அவருக்கென்று இருந்த இடம் போயிற்று. 1971இல், 66ஆம் வயதில், நியூயார்க் டைம்ஸில் மீண்டும் இடம் கிடைத்தது. 1976இல், அமெரிக்க இதழியலின் உயர்விருதான புலிட்சர் பரிசும் கருத்துரைப் பிரிவில் வந்தது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததை அடுத்து, மாஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணிக்க வேண்டுமென்று 1980 ஜனவரியில் அவர் எழுதினார். ஆட்டத்தில் நடந்ததைச் சொல்வது செய்தியாளர் கடமை. இப்படித் தம் பெயரில் நிலைப்பாடு எடுப்பதே பத்தியாளர் பணி.

தமிழில் ‘பத்தி’ வரிசை என்னும் பொருளுடையது, வடமொழிப் ‘பங்க்தி’யிலிருந்து வந்தது, சாப்பாட்டுப் பந்தியும் அதற்கு உறவே. கோயிற்கட்டடக் கலையில் அரைத்தூண்களுக்கு இடைப்பட்ட சுவர்ப்பகுதியையும் பத்தி என்றே குறிப்பர்; இலத்தீன் தூணுக்கு இத்தனை அருகில் நம் சொல் நிற்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது. கணிதத்தில் செங்குத்து வரிசையைக் குறிக்கும் ‘நிரல்’ இங்கே பொருந்தாது. அது கணினி நிரலை நினைவூட்டும். ‘கட்டுரையாளர்’ என்றாலோ ஒருமுறை எழுதியவரும் அதில் அடங்குவார். உரைநடைப் பிரிவையும் பத்தி என்பதால் ஐயம் எழுமிடத்தில் ‘பத்தி எழுத்து’ என விரித்தெழுதலாம். எழுதுபவரைப் ‘பத்தி எழுத்தாளர்’ என்றோ, சுருக்கமாக ‘விளையாட்டுப் பத்தியாளர்’ என்றோ வழங்கலாம்.