யாருடைய பெயரில் இருக்கிறது?

தேயிலைத் தோட்டத்தில் சீட்டுக் கட்டப்போகிற எவரும் முதலில் கழிவு எவ்வளவு என்று கேட்பதில்லை. சீட்டைப் பிடிப்பது யார், எந்த லயத்தில் இருக்கிறார், மாதம் தவறினால் எந்தக் கதவைத் தட்டலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். அதே மனிதர்கள் கைப்பேசியில் வந்த ஒரு செயலிக்குள் சில இலட்சங்களைப் போடும்போது அந்த விசாரணையை மறந்துவிடுகிறார்கள். அங்கே கேட்கப்படும் ஒரே கேள்வி, மாதத்துக்கு எத்தனை வீதம் என்பதுதான்.

நான் ஹட்டனில் சிறு வணிகங்களுக்குக் கணக்குப் பார்ப்பவன். இப்போதெல்லாம் அந்த வேலை பேரேட்டோடு முடிவதில்லை. கடையின் பில் மென்பொருள், விடுதியின் இணையத்தளம், மகன் கத்தாரிலிருந்து அனுப்பிய பணத்தைப் போட்ட செயலி எல்லாம் என் மேசைக்கு வருகின்றன. பெரும்பாலும் காரியம் கெட்ட பிறகு. "எங்களுக்குத் தொழில்நுட்பம் தெரியாது சேர், அதனால்தான் ஏமாந்துவிட்டோம்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிறவர்களும் இதே இடத்தில் விழுந்திருக்கிறார்கள். சீட்டுக்குக் கேட்ட கேள்வியைச் செயலிக்கும் கேட்டிருந்தால் இந்தக் கோப்புகளில் பாதி என் அலுமாரிக்கு வந்திருக்காது.

கொட்டகலைப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஒரு தொழிலாளி, தன் சேமலாப நிதியின் பெரும்பகுதியை அப்படி ஒரு செயலியில் போட்டிருந்தார். சேர்த்துவிட்டவர் உறவுக்காரர்தான். மகள் கைப்பேசியைக் காட்டினாள். திரையின் மேற்பகுதியில் பச்சை எழுத்தில் நாலாயிரத்துச் சொச்சம் டொலர், அதன் கீழே நாளுக்கு நாள் ஏறும் ஒரு கோடு. பணத்தை மீளப்பெறும் பொத்தானை அழுத்தினால் ஒரு செய்தி வரும்: இலாபத்தின் 20 வீதத்தை முதலில் வரியாகச் செலுத்தவேண்டும், செலுத்திய 24 மணித்தியாலத்துக்குள் முழுத்தொகையும் வங்கிக்கு வந்துவிடும். அந்த 20 வீதத்துக்காகக் காதுத் தோட்டை அடகு வைப்பதா என்று கேட்கத்தான் இருவரும் வந்திருந்தார்கள்.

"தங்கச்சி, அந்த வரியைக் கணக்கில் இருக்கிற பணத்திலேயே கழித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பச் சொல்லுங்கள்" என்றேன். அவள் அப்படியே எழுதி அனுப்பினாள். நிறுவனத்தின் விதிகளில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. மாலைக்குள் அவளை அந்தச் செயலிக்காரர்களின் டெலிகிராம் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பிறகு வங்கிச் சீட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் பணம் வெவ்வேறு தனிநபரின் கணக்குக்குப் போயிருக்கிறது. நிறுவனத்தின் பெயரில் ஒரு சீட்டுக்கூட இல்லை. திரையில் தெரிந்த டொலர், யாரோ தட்டச்சு செய்த ஓர் எண். அதை நாற்பதாயிரம் என்று மாற்றுவதற்கும் அவர்களுக்கு ஒரு சல்லி செலவில்லை. இலங்கையில் வருமான வரியை வசூலிப்பது உள்நாட்டு இறைவரித் திணைக்களம். அது எந்தத் தனிநபரின் சேமிப்புக் கணக்கிலும் வரி வாங்குவதில்லை.

2023இல் எம்டிஎஃப்இ என்ற செயலி இலங்கையிலும் பங்களாதேஷிலும் விழுந்த விதமும் ஏறக்குறைய இதுதான். செயற்கை நுண்ணறிவு உங்களுக்காக வர்த்தகம் செய்யும் என்றார்கள். ஆள் சேர்த்தவர்களுக்குத் தலைமை நிறைவேற்று அதிகாரி என்று பட்டமே கொடுத்தார்கள். ஓகஸ்டில் பணத்தை எடுக்கும் வழி அடைபட்டது. பலருடைய கணக்கு மீதி பூச்சியத்துக்குக் கீழே போய், போட்டவரே கடன்காரர் என்று காட்டியது. புதிதாகச் சேர்கிறவரின் பணத்தை எடுத்து முன்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் திட்டத்தைப் பிரமிட் திட்டம் என்பார்கள். இலங்கை மத்திய வங்கி இந்தச் செயலியைத் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு இத்தகைய திட்டங்களைத் தடைசெய்கிறது. நடத்துகிறவர் மட்டும்தான் மாட்டுவார் என்று நினைக்கவேண்டாம். ஊக்குவிப்பதும் விளம்பரப்படுத்துவதும் குற்றம். உறவினரைச் சேர்த்துத் தரகு வாங்கிய மருமகனுக்கும் மச்சானுக்கும் இது தெரிந்திருக்கவேண்டும். மலையகத்தில் இந்தச் செயலிகள் பரவுவது விளம்பரத்தால் அல்ல, உறவுமுறையால். பணம் போனதோடு நிற்காமல் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையும் அறுத்துக்கொள்கின்றன.

உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ வைப்புச் செய்தால், அந்த நிறுவனம் வீழ்ந்தாலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. வட்டி குறைவுதான். செயலிக்கு அப்படி எதுவும் கிடையாது.

கிரிப்டோ நாணயத்தைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் உண்மையான தொழில்நுட்பமும் உண்டு, புரட்டும் உண்டு, இரண்டும் ஒரே சொற்களைப் பேசுகின்றன. மத்திய வங்கி 2018இலிருந்து திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. கிரிப்டோ கொடுக்கல் வாங்கலுக்கு வங்கியின் கடனட்டையையோ பற்றட்டையையோ பயன்படுத்தவும் அனுமதியில்லை. ஆகவே நம் பையன்கள் முன்பின் தெரியாத ஒருவருடைய வங்கிக் கணக்குக்கு ரூபாவை அனுப்பி, அவரிடமிருந்து யூஎஸ்டிடி என்ற, டொலரின் பெறுமதியோடு கட்டிவைத்த கிரிப்டோ நாணயத்தை வாங்குகிறார்கள். விற்கும்போது இன்னொரு முகம் தெரியாதவரின் ரூபா இவர்களுடைய கணக்குக்கு வருகிறது. அந்த ரூபா யாரிடம் திருடியது என்று இவர்களுக்குத் தெரியாது. ஒருநாள் வங்கி கணக்கை முடக்கி, பொலிஸிலிருந்து அழைப்பு வரும்போதுதான் விளங்குகிறது. இதைவிட மோசமானது, மாதம் ஒரு தொகைக்கு வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் வாடகைக்கு விடுவது. படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகளைக் குறிவைத்தே இதைக் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் முன்னால், கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறதோ அவர்தான் முதலில் பதில் சொல்லவேண்டும்.

நாணயம் உண்மையானதாக இருந்தாலும் அதன் இரகசியச் சாவி, அதாவது அதை எடுத்துச் செலவழிக்கத் தேவையான இரகசியக் குறியீடு, யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி மிஞ்சுகிறது. கனடாவில் குவாட்ரிகா சிஎக்ஸ் என்று ஒரு கிரிப்டோ பரிவர்த்தனை நிலையம் இருந்தது. அதன் நிறுவனர் ஜெரால்ட் கொட்டன் 2018 டிசம்பரில் இந்தியாவில் இறந்துபோனார். வாடிக்கையாளரின் நாணயங்களுக்குரிய சாவிகள் அவரிடம் மட்டுமே இருந்தன என்று முதலில் சொன்னார்கள். தேடிப் பார்த்தால் பெட்டிகள் பெரும்பாலும் காலி. அவரே அதைத் தின்று தீர்த்திருந்தார் என்று ஒன்டாரியோவின் ஒழுங்குபடுத்தும் அமைப்பு 2020இல் முடிவுசெய்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற இன்னொரு பரிவர்த்தனை நிலையம் விழுந்தபோது அளவு பன்மடங்கு பெரிதாக இருந்தது. அதன் நிறுவனர் சாம் பேங்க்மன் ஃபிரைடுக்கு 2024 மார்ச்சில் 25 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இரண்டிலும் போட்டவர்கள் கையில் வைத்திருந்தது ஒரு கடவுச்சொல் மட்டுமே.

யாருடைய பெயரில், யாருடைய கையில் என்ற இந்தக் கேள்வி முதலீட்டுக்கு மட்டும்தான் என்றில்லை. நுவரெலியாவில் ஒரு விருந்தினர் விடுதி. ஏப்ரல் மாதச் சுற்றுலாக் கூட்டம் வர ஒரு கிழமை இருக்கும்போது அதன் இணையத்தளம் நின்றுவிட்டது. காரணம் சின்னது: தளத்தின் முகவரியான இணையப் பெயரின் ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. ஏன் கட்டவில்லை என்றால், பெயர் விடுதி முதலாளியின் பெயரில் இல்லை. தளத்தைச் செய்துகொடுத்த தம்பி தன் மின்னஞ்சலில் பதிந்திருந்தார். அவர் இப்போது துபாயில். விடுதியின் பேஸ்புக் பக்கமும் அவருடைய கணக்கிலிருந்தே தொடங்கப்பட்டிருந்தது. அறை முன்பதிவுகள் வரும் தளத்தின் சரிபார்ப்பு இலக்கமோ, வேலையைவிட்டுப் போன முகாமையாளரின் சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தது. காணி உறுதியை மூன்று தலைமுறையாக இரும்புப் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பம் அது. அந்தத் தம்பி நல்லவர், அழைத்ததும் எல்லாவற்றையும் மாற்றித் தந்தார். கோபித்துக்கொண்டு போயிருந்தால் சட்டத்தரணியிடம்தான் போயிருக்கவேண்டும்.

கணக்கு எழுதித் தருகிற ஒவ்வொரு வணிகத்திடமும் இப்போது ஒரு தாள் கேட்கிறேன். இணையப் பெயர், அது பதிந்திருக்கும் மின்னஞ்சல், சேவர் வாடகை, பேஸ்புக் பக்கம், பில் மென்பொருளின் உரிமம், சரிபார்ப்பு இலக்கம் வரும் சிம் ஆகிய ஒவ்வொன்றும் யாருடைய பெயரில் என்று அதில் எழுதவேண்டும். எந்த நாணயத்தில் கட்டணம் என்றும் ஒரு நிரல் உண்டு. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டு, அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்ட பிறகு, சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் ஓரிரு மாதங்களில் 360ஐத் தாண்டியது. வருமானம் ரூபாவிலும் மென்பொருள் வாடகை டொலரிலும் இருந்தவர்கள், ஒரு வாடிக்கையாளரையும் இழக்காமலே நட்டத்துக்குப் போனார்கள். தொழில்நுட்பத்தில் இறங்குகிற இளைஞர்கள் திட்ட அறிக்கையில் இதை எழுதுவதே இல்லை.

காப்புப்பிரதி விடயத்தில் நாம் யாரையும் நையாண்டி செய்ய முடியாது. 2023 ஓகஸ்ட் இறுதியில் அரசாங்கத்தின் மின்னஞ்சல் முறைமையையே கப்பம் கேட்கும் நச்சுநிரல் தாக்கியது. சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குக் காப்புப்பிரதியே இருக்கவில்லை. மென்பொருளும் பழைய பதிப்பு. அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால், பதுளையில் உரிமமில்லாத பில் மென்பொருளைப் போட்டு மொத்த வியாபாரம் நடத்துகிறவரைப் பற்றி என்ன சொல்ல? அவர் காப்புப்பிரதி எடுக்கிறார். எடுத்த வன்தட்டை அதே கணனியில் எந்நேரமும் சொருகியே வைத்திருக்கிறார். நச்சுநிரல் வந்தால் இரண்டையும் சேர்த்தே பூட்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் மண்சரிவு, மின்தடை, தொலைத்தொடர்புத் துண்டிப்பு எல்லாம் ஒன்றாக வந்தன. கடையில் ஒரு பிரதி, இணையத்தில் ஒரு பிரதி, வேறோர் ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் ஒரு வன்தட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்புப்பிரதியை ஆண்டுக்கு ஒரு முறையாவது வேறு கணனியில் திறந்து பாருங்கள். தேவைப்படும்போது திறக்க மறுத்த காப்புப்பிரதிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நண்பரின் மென்பொருள் நிறுவனத்தில் பங்கு வாங்குகிறவர்களுக்கு ஒரு வரி: பணம் கொடுத்ததற்கு வாட்ஸ்அப் செய்தி போதாது. உங்களுக்குப் பங்கு ஒதுக்கப்பட்டதாக நிறுவனப் பதிவாளருக்கு அறிவிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெறுமதி கோடிக்கணக்கில் என்று சொன்னால் மயங்காதீர்கள். இணையவழிக் கல்வி நடத்திய இந்தியாவின் பைஜூஸ் நிறுவனத்துக்கு 2022இல் 2,200 கோடி டொலர் பெறுமதி போட்டார்கள். 2024இல் அது முறிவு நடவடிக்கைக்குள் போய்விட்டது.

வேலை என்ற பெயரிலும் மோசடி வருகிறது. தாய்லாந்தில் தரவு உள்ளீட்டு வேலை, கணனி தெரிந்தால் போதும் என்று கூட்டிப்போன இலங்கை இளைஞர்கள், மியன்மாரின் மியாவடிப் பகுதியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். நம்மை ஏமாற்றும் குறுஞ்செய்திகளை எழுதுகிறவர்களில் இப்படி அடைபட்டவர்களும் உண்டு. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்யலாம் என்று எந்த முகவர் சொன்னாலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைத்து அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் போய்விட்டால் முதல் அழைப்பு உங்கள் வங்கிக்கு. மணித்தியாலங்கள் கடந்தால் அது கணக்குக் கணக்காகத் தாவிவிடும். கணக்குகளோ சாதனமோ ஊடுருவப்பட்டிருந்தால் இலங்கை கணனி அவசரப் பதிலளிப்பு மையத்தின் 101, நிதி நிறுவனங்கள் சம்பந்தமான முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. பொலிஸ் முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்துப் பிரதியை வாங்கிக்கொள்ளுங்கள். சில நாட்களில், இழந்ததை மீட்டுத் தருகிறோம் என்று யாராவது உங்களைத் தேடி வருவார்கள். பெரும்பாலும் அதே கும்பல்தான், அல்லது அவர்களிடமிருந்து உங்கள் இலக்கத்தை வாங்கியவர்கள். முன்பணம் கேட்பார்கள்.

வீட்டில் தெரிந்துவிடுமே என்ற பயத்தில் உரையாடலையும் செயலியையும் அழித்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அப்புறம் முறைப்பாட்டில் எழுத ஒன்றும் இருப்பதில்லை. வங்கிச் சீட்டு, கணக்கு இலக்கம், பேசியவரின் தொலைபேசி இலக்கம், செயலியின் திரை எல்லாவற்றையும் படம்பிடித்து நம்பிக்கையான இன்னொருவரின் கைப்பேசிக்கும் அனுப்பி வையுங்கள். அழிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.