சிறுநீரில் ஈஸ்ட்: மாத்திரைக்கு முன் ஒரு கேள்வி

சிறுநீர்ப் பரிசோதனை அறிக்கையில் 'ஈஸ்ட் செல்கள் காணப்பட்டன' என்று, அதாவது ஒருவகைப் பூஞ்சை இருப்பதாக, ஒரு வரி இருக்கும். உடனே மருந்துக்கடையில் ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு, அடுத்த வாரமே மறுபடியும் சிறுநீர் கொடுக்க வந்து நிற்பவர்களைச் சென்னையில் எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அடிக்கடி பார்க்கிறேன். நுண்ணுயிரியல் மருத்துவராக அந்த வரியை எழுதிக் கையெழுத்திடுவது நான்தான். எனவே உறுதியாகச் சொல்கிறேன்: அது ஒரு கண்டுபிடிப்பு மட்டுமே. அது நோயா இல்லையா என்பது, அது யாருடைய சிறுநீர், எப்படி எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது.

நுண்ணோக்கியில் ஈஸ்ட், சிவப்பணுவைவிடச் சற்றுச் சிறிதாக, முட்டை வடிவில் தெரியும். ஒரு பக்கத்தில் குட்டி மொட்டு விட்டிருந்தால் சந்தேகமே இல்லை. மொட்டு இல்லாதபோதுதான் சிவப்பணுவோ என்று தோன்றும். அப்போது நீர்த்த அசிட்டிக் அமிலம் ஒரு சொட்டு விடுவோம். சிவப்பணுக்கள் கரைந்து மறைந்துவிடும். ஈஸ்ட் அப்படியே கிடக்கும். பிறகு கல்ச்சர், அதாவது அந்த ஈஸ்ட்டை வளர்த்துப் பார்ப்பது. சிறுநீரில் வழக்கமாகக் காணப்படும் ஈஸ்ட் கேண்டிடா; நிறம் காட்டும் ஊடகத்தில் அதன் ஆல்பிகன்ஸ் இனம் பச்சையாகவும், ட்ராபிகாலிஸ் நீலமாகவும் வளரும். எந்த இனம் என்று தெரிவது முக்கியம். க்ரூசேய் இனத்திடம் ஃப்ளூகோனசோல் பலிக்காது. கிளப்ராட்டாவிடமும் பல நேரங்களில் திணறும்.

வெளிநோயாளியாக வரும் பெண்களின் சிறுநீரில் ஈஸ்ட் தெரிந்தால், வெள்ளைப்படுதலிலிருந்தோ வெளித்தோலிலிருந்தோ கலந்திருக்கலாம் என்றே முதலில் நினைப்பேன். கழுவிவிட்டு, முதலில் வரும் சிறுநீரை விட்டு, நடுவில் வருவதைப் பிடித்துத் தர வேண்டும். இதை யாரும் அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம். இன்னொன்று நம் ஊர் வெயில். விடியற்காலையில் பிடித்த சிறுநீரைப் பையில் வைத்துக்கொண்டு, திருவொற்றியூரிலிருந்து இரண்டு பஸ் மாறி மதியம் கொண்டுவந்தால், உள்ளே இருந்த கொஞ்சம் ஈஸ்ட்டும் பெருகிவிட வாய்ப்புண்டு. சிறுநீரில் சர்க்கரையும் இருந்தால் இன்னும் வசதி. இரண்டு மணி நேரத்துக்குள் கொடுங்கள். முடியாவிட்டால் குளிர்ச்சியாக வைத்துக் கொண்டுவாருங்கள். சந்தேகம் இருந்தால் புதிதாக ஒருமுறை எடுத்துப் பார்ப்பதே முதல் சிகிச்சை.

மறுபரிசோதனையிலும் ஈஸ்ட் இருந்தால் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் மூன்றில் ஒன்று அகப்படும்: கதீட்டர் (சிறுநீர் வடியப் போடும் குழாய்), சர்க்கரை நோய், நீண்ட நாள் ஆன்டிபயாடிக். மாம்பலத்திலிருந்து ஒரு பெண் தன் அப்பாவின் அறிக்கைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு வீட்டிலேயே படுக்கை, கதீட்டர் குழாய், கட்டிலில் தொங்கும் சிறுநீர் சேகரிக்கும் பை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் எல்லா அறிக்கையிலும் ஈஸ்ட். "இன்னும் வலுவான மருந்து இருக்கிறதா, டாக்டர்?" என்றார். "இந்தக் குழாய் இன்னும் எதற்கு அம்மா, கேட்டீர்களா?" என்றேன். யாரும் கேட்கவில்லை. குழாயின் உட்சுவரில் ஈஸ்ட் படலமாகப் படிந்துவிடும். மருந்து அதற்குள் எளிதில் புகாது. தொந்தரவு ஏதும் இல்லாதவர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்குக் குழாயை எடுத்தாலே ஈஸ்ட் போய்விடுகிறது. ஆனால் அதை நீங்களாகப் பிடுங்காதீர்கள். எடுக்கலாமா, அல்லது மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் கவனிக்கவும். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்துகள். அதனால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் அரிப்பும் வரலாம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்து என்பதால் தானாக நிறுத்த வேண்டாம். அரிப்பு வந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

சிலருக்கு மட்டும், அறிகுறி இல்லாவிட்டாலும் இந்த வரியைக் கண்டு நான் உடனே போனை எடுப்பேன். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவான எடையுடன் பிறந்த குழந்தை, புற்றுநோய்ச் சிகிச்சையில் வெள்ளணு சரிந்தவர், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர். சிறுநீர் அடைப்புடன் காய்ச்சல், விலாவலி இருந்தால் ஸ்கேன் அவசியம். சிறுநீரகத்தில் பூஞ்சை பந்துபோல் திரண்டு வழியை அடைத்திருக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கு, இரத்தத்தில் பரவிய கேண்டிடாவின் முதல் தடயமாகவும் இது இருக்கக்கூடும்.

நீர்க்கடுப்பு, எரிச்சலுடன் ஈஸ்ட்தான் காரணம் என்று உறுதியானால் ஃப்ளூகோனசோல் நல்ல மருந்து. சிறுநீரில் நிறைய சேரும். ஆனால் வழக்கமாக இரண்டு வாரம் கொடுக்க வேண்டியது அது. கடையில் வாங்கும் ஒற்றை மாத்திரை போதாது. இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இரத்தக்கசிவையும், சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைட் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரையையும் அது வரவழைக்கலாம். கர்ப்பிணிகள் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. மருத்துவரிடம் போகும்போது அறிக்கையோடு, தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.