அணுகத்தக்க எண்ணிம இசைக்கருவி

ஆங்கிலத்தில் 'ஆக்சஸிபிள் டிஜிட்டல் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்', சுருக்கமாக ஏ.டி.எம்.ஐ. உடலை விரும்பியபடி அசைக்க முடியாதவர்கள் உள்ளிட்ட மாற்றுத்திறனாளிகள் தாங்களே வாசிப்பதற்கென்று, உணரியும் (சென்சார்) கணினியும் சேர்த்து வடிவமைக்கும் இசைக்கருவி. 2019-இல் ஆய்வாளர் எம்மா ஃபிரிட் இத்தகைய 83 கருவிகளைத் தொகுத்து ஆராய்ந்தார்.

டிஜிட்டலின் வேர் லத்தீனின் 'டிஜிட்டஸ்'. பொருள், விரல். விரல்விட்டு எண்ணியதால் எண்ணுக்கும் அதுவே பெயரானது. விரல் மடங்காத பிள்ளைக்கு வீணையும் பியானோவும் எட்டாமலே இருந்தன. அந்தப் பிள்ளை வாசிக்கும் கருவியின் பெயருக்குள் விரல் ஒளிந்திருப்பதை நினைத்தால் மனம் நெகிழ்கிறது. தமிழில் 'எண்' என்பதிலிருந்தே 'எண்ணிமம்' வந்தது. இலக்கமுறை என்றும் சொல்கிறார்கள். எனக்கு எண்ணிமமே பிடிக்கும், சொல் சின்னது.

அப்புறம் 'கருவி'. 'கருவி தொகுதி' என்கிறது தொல்காப்பிய உரியியல், அதாவது கருவி என்றால் பல சேர்ந்த தொகுப்பு. அந்தப் பழம்பொருள் இங்கே அழகாகப் பொருந்துகிறது. வீணையில் விரல் தொடும் தந்திதான் ஒலிக்கும் தந்தி. இங்கே அசைவைப் பிடிக்கும் உணரி தனி, ஒலி எழுப்பும் பகுதி தனி, எந்த அசைவுக்கு எந்தச் சுரம் என்று சொல்லும் நிரல் தனி. தனித்தனியாக இருப்பதால்தான் ஆளுக்கேற்ப மாற்ற முடிகிறது. இங்கிலாந்து இசையமைப்பாளர் எட்வர்ட் வில்லியம்ஸ் உருவாக்கிய சவுண்ட்பீம் என்ற கருவி, காதுக்குக் கேட்காத மீயொலியை அனுப்பி, அது உடலில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டுச் சுரமாக்குகிறது. தலையை மட்டுமே அசைக்க முடிந்தவருக்கு, அந்தச் சின்னச் சாய்விலேயே பல சுரங்கள் அடங்கும்படி அமைத்துக் கொடுக்கலாம். ஐஹார்ப் கண்ணால் வாசிப்பது. திரையில் சுரங்கள் வட்டமாக நிற்கும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பார்வை வட்டத்தின் நடுவழியே கடந்துபோவதால் இடையிலுள்ள சுரங்கள் தவறி ஒலிக்காது.

'ஆக்சஸ்' என்பதும் லத்தீன்தான்: அருகே செல்லுதல். நம் 'அணுகு' என்பதற்கும் அதே பொருள். அண்மை, அண்டை எல்லாம் அதன் உறவுகள். ஆகவே 'அணுகத்தக்க' சரியான சொல். சிலர் 'எளிய இசைக்கருவி' என்று எழுதுகிறார்கள். அது தவறு. எளிது வேறு, அணுக முடிவது வேறு. கண்ணால் வாசித்தாலும் தாளம் பிசகாமல் வர மாதக்கணக்கில் சாதகம் வேண்டும். அந்த உழைப்பை 'எளிய' என்ற சொல் மறைத்துவிடுகிறது.

சொற்றொடரில்: 'அணுகத்தக்க எண்ணிம இசைக்கருவியில் அவர் தினமும் ஒரு மணி நேரம் சாதகம் செய்கிறார்.'