புயலில் வீடு போனதா? வாயால் சொன்னது மனு ஆகாது

போன வாரம் ஒருவர் என் வக்கீல் அலுவலகத்துக்கு வந்தார். பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் குடியிருக்கிறார், டைல்ஸ் ஒட்டும் வேலை. சொந்த ஊர் கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரையை ஒட்டிய கிராமம். 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது, அவருடைய அம்மா தனியாக இருந்த ஓட்டு வீட்டின் ஒரு பக்கச் சுவர் சரிந்து கூரை உள்ளே இறங்கிவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிவாரணப் பட்டியலில் அம்மாவின் பெயர் இல்லை.

மனு கொடுத்தீர்களா என்று கேட்டேன். "வி.ஏ.ஓ. கிட்ட சொல்லிட்டோம் மேடம். நேர்ல வந்து பார்த்துட்டுத்தான் போனார்." எழுதிக் கொடுத்தது ஏதாவது? இல்லை. போட்டோ? தம்பியின் பழைய போனில் இருந்ததாம், அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டானாம். இடிந்த சுவர்? அள்ளிக் கொட்டிவிட்டு ஷீட் போட்டாகிவிட்டது. இதற்கு நான் எந்தக் கோர்ட்டில் என்னத்தைக் காட்டுவது?

பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஊர் விவகாரங்களுக்காக வரும் தமிழ் ஆட்களை நான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். தானே, கஜா, ஃபெஞ்சல் என்று புயலின் பெயர்தான் மாறுகிறது. "சொல்லிட்டோம்" என்ற பதில் மட்டும் மாறுவதே இல்லை. அதனால் இதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்ட கிராம நிர்வாக அலுவலர் நல்லவராகவே இருக்கட்டும். அந்த வாரத்தில் அவரிடம் ஊரே சொல்லியிருக்கும். அவர் எழுதியது வருவாய் ஆய்வாளருக்கு (ஆர்.ஐ.) போகும், அங்கிருந்து தாசில்தாருக்குப் போகும், அப்புறம் பட்டியலாகி மேலே போகும். இந்த வழியில் எங்கோ ஒரு இடத்தில் உங்கள் பெயர் விட்டுப்போனால், அது முதலில் இருந்தது என்பதற்கு உலகத்தில் எந்தச் சாட்சியும் கிடையாது. அடுத்த வருடம் அவர் வேறு கிராமத்துக்கு மாறிப் போய்விடுவார். புதிதாக வந்தவர், "எனக்குத் தெரியாதே" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

உயர் நீதிமன்றத்துக்குப் போனாலும் இதே கதைதான். ஒரு அதிகாரி செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்று ரிட் (அவருக்கு உத்தரவிடும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட்டால், நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, "மனுதாரர் எந்தத் தேதியில் கோரிக்கை கொடுத்தார்?" தேதி இல்லை என்றால் வழக்கே நிற்காது. கேட்காத ஒன்றைக் கொடுக்கவில்லை என்று யாரைக் குறை சொல்ல முடியும்? நேரில் வந்து பார்த்தார், தலையாட்டினார், நோட்டில் எழுதினார் என்பதெல்லாம் நீங்கள் கேட்டதற்கான ஆதாரம் ஆகாது. உங்கள் கையெழுத்துப் போட்ட காகிதமும், அதைப் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும்தான் ஆதாரம்.

அந்தக் காகிதத்துக்கு வக்கீல் வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். தாசில்தாருக்கு எழுதுங்கள், நகல் கலெக்டருக்கு. பெயர், கிராமம், வீட்டு எண், சர்வே எண், வீடு ஓட்டு வீடா, கூரை வீடா, மெத்தை வீடா, எந்தத் தேதியில் என்ன இடிந்தது, கணக்கெடுக்க யாராவது வந்தார்களா, வங்கிக் கணக்கு எண். அவ்வளவுதான். வீட்டு வரி ரசீது, மின் கட்டண ரசீது, ஆதார் நகல், போட்டோ பிரிண்ட் இணையுங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். தர மறுத்தால் சண்டை போடாமல் வெளியே வந்து ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தால் மனுவுக்கு எண் கிடைக்கும். இதற்காக லீவு போட்டுச் சாந்திநகரில் பஸ் ஏற வேண்டும் என்பதுகூட இல்லை. அம்மாவிடம் கையெழுத்து வாங்கித் தபாலில் போட ஊரில் ஒரு ஆள் இருந்தால் போதும்.

போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. சுத்தம் செய்வதற்கு முன்னால் எடுங்கள். உடைந்த சுவரை மட்டும் கிட்டத்தில் எடுத்தால் அது யார் வீட்டுச் சுவர் என்று யாருக்குத் தெரியும்? வீட்டு எண்ணும் முன்வாசலும் தெரிய ஒன்று, தெருவோடு சேர்த்து ஒன்று, அப்புறம் சேதம். வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் நம்பாதீர்கள், எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழும் தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது என்று அதில் எழுத வேண்டியிருக்கும். அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தால் நான் என்ன எழுதுவேன்?

இப்போது பணம். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு மத்திய அரசு 2022-23 முதல் 2025-26 வரைக்கு வகுத்த விதிமுறையைப் பாருங்கள். சமவெளியில் வீடு முழுதாக இடிந்தால் 1,20,000 ரூபாய். பகுதியாக இடிந்த பக்கா வீட்டுக்கு, சேதம் குறைந்தது 15 சதவீதமாவது இருந்தால், 6,500. குடிசைக்கு 8,000. ஃபெஞ்சலின்போது தமிழக அரசு குடிசைக்கு 10,000 என்று அறிவித்தது. முழுச் சேதம், பகுதிச் சேதம் என்ற இரண்டு கட்டங்களில் அதிகாரி எதில் டிக் போடுகிறார் என்பதில் லட்ச ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. இதை யாருமே கவனிப்பதில்லை. 6,500 கணக்கில் ஏறியதும் "ஏதோ வந்துச்சே" என்று விட்டுவிடுகிறார்கள். சுவர் நிற்கிறது, ஆனால் குடியிருக்க முடியாது என்றால் அதை மனுவிலேயே சொல்லி, பொறியாளரை வைத்து மறு ஆய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டை எந்த வகையில் சேர்த்தார்கள் என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு.

பயிருக்கு, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதம் என்றால்தான் கணக்கு. பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000. செத்த மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சான்றிதழ் வாங்காமல் புதைத்துவிடாதீர்கள். தயவுசெய்து.

இந்தத் தொகை உங்கள் இழப்புக்கு ஈடாகாது என்பது எனக்கும் தெரியும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் முப்பது நாற்பது வருடத் தென்னைகள் சாய்ந்தன. மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500 என்று 1,100 ரூபாய்தான் அரசு கொடுத்தது. பிள்ளைகளின் படிப்பையும் கல்யாணத்தையும் அந்தத் தோப்பை நம்பித் திட்டமிட்டவர்களுக்கு அது எந்த மூலைக்கு? ஆனால் மீதியைக் கேட்டு அரசின் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடலாம், லட்சங்கள் வாங்கித் தருகிறேன் என்று யாராவது முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005, 71ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின்கீழ் அதிகாரிகள் செய்தவற்றை எதிர்த்து உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் விதிவிலக்கு. நிவாரணம் நுகர்வோர் வழக்கும் ஆகாது.

"நான் பெங்களூர்லதானே இருக்கேன், இங்க ஹைகோர்ட்ல போட்டுடுங்க" என்றும் கேட்கிறார்கள். ஊரிலுள்ள தாசில்தாருக்கு எதிரான ரிட்டை இங்கே போட முடியாது. கடலூர், விழுப்புரம், நாகை, திருவாரூர் என்றால் சென்னை. தஞ்சாவூர், புதுக்கோட்டை என்றால் மதுரைக் கிளை. அங்கேயும் நீதிமன்றம் பெரும்பாலும் உங்கள் மனுவை இத்தனை வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடு என்றுதான் உத்தரவிடும். அதுவே பெரிய விஷயம், ஏனென்றால் அதன் பிறகு கோப்பு தூங்க முடியாது.

இதற்குப் பணம் இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை ஊர்க்காரர்கள் யாரும் தெரிந்துவைத்திருப்பதில்லை. சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் 1987, 12ஆம் பிரிவு, பேரிடரிலும் வெள்ளத்திலும் பாதிக்கப்பட்டு நிர்க்கதியாக நிற்பவர்களுக்கு இலவச வக்கீல் பெறும் உரிமையைத் தருகிறது. பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு இருக்கும். அழைப்பு எண் 15100. கந்துவட்டிக்கு வாங்கி எனக்கு ஃபீஸ் தர வேண்டிய அவசியமே இல்லை.

பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது, அண்ணன் தம்பி மூன்று பேர், ஒருவர் சிவாஜிநகரில், ஒருவர் திருப்பூரில். இந்த வீடுகளில்தான் நிவாரணம் சிக்குகிறது. வாரிசுச் சான்றிதழ் வாங்கிக் கூட்டுப் பட்டாவாக மாற்றுங்கள் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன், கரும்போடு திரும்பி வருகிறார்கள், பட்டாவோடு வருவதில்லை. தாசில்தார் மறுத்தால் 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி வருவாய் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மேல்முறையீடு செய்யலாம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்தால் பயிர் நிவாரணம் பயிர் செய்தவருக்கு உரியது. அடங்கலில், அதாவது கிராமத்தின் சாகுபடிப் பதிவேட்டில், யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பெங்களூரில் இருந்துகொண்டு குத்தகைக்காரர் பணத்தை உங்கள் கணக்குக்கு வாங்குவது நியாயமும் இல்லை, சட்டமும் இல்லை. பொய்யாக நிவாரணம் கோரினால் பேரிடர் சட்டம் 52ஆம் பிரிவில் இரண்டு வருடம் வரை சிறை உண்டு.

ரேஷன் கார்டு கர்நாடகாவில் இருப்பதால் ஊரில் எதுவுமே கிடைக்காது என்பதும் தவறு. ஃபெஞ்சலுக்குப் பிறகு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் கொடுத்த 2,000 ரூபாய் குடும்ப அட்டையை வைத்துக் கொடுத்தது, அது உங்களுக்கு வராது. இடிந்த வீடும் மூழ்கிய பயிரும் வேறு கணக்கு. அதற்காக ஊரிலும் ஒரு கார்டு எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள்.

பெங்களூர்வாசிகளுக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் இன்சூரன்ஸ். ஊரில் வீடு கட்ட வங்கிக் கடன் வாங்கியிருந்தால் அந்தக் காகிதக் கட்டை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வீட்டுக் காப்பீட்டையும் சேர்த்தே விற்றிருப்பார்கள், ப்ரீமியமும் பிடித்திருப்பார்கள், உங்களுக்குத்தான் தெரிந்திருக்காது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம். க்ளெய்மை மறுத்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், அப்புறம் ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேன். கட்டணம் இல்லை, பெங்களூரிலேயே அலுவலகம் இருக்கிறது. அல்லது நுகர்வோர் ஆணையம், இரண்டு வருடத்துக்குள். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். வீடு கடலூரில் இடிந்தாலும் வழக்கு பெங்களூரில் நடக்கும். அரசு நிவாரணம் வாங்கியதாலேயே இன்சூரன்ஸ் உரிமை போய்விடாது.

பயிர்க் காப்பீட்டில் நேரம்தான் எல்லாம். அறுத்து வயலில் காயப் போட்ட கதிர் புயல் மழையில் நனைந்தால், அறுவடையிலிருந்து 14 நாளுக்குள் நடந்த சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். ஆனால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். அழைப்பு எண் 14447. கரண்ட் இல்லை, டவர் இல்லை என்றால் பெங்களூரில் இருக்கும் நீங்கள் கூப்பிடுங்கள். பாலிசி எண்ணை இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பயிர்க்கடனுக்கு, பேரிடர் சட்டத்தின் 13ஆம் பிரிவில் தள்ளுபடி கேட்கலாம் என்று ஒரு செய்தி இன்னும் சுற்றுகிறது. அந்தப் பிரிவு 2025 திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. அதை எனக்கு அனுப்பாதீர்கள். தவணையைத் தள்ளிவைத்துக் கடனை மாற்றியமைக்கும்படி வங்கிக்கு எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, மனசு கனக்கும் ஒரு வகை வழக்கு. புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் மாட்டைப் பார்க்கப் போனவர் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து இறந்துபோகிறார். "இயற்கைச் சீற்றம், யாரும் ஒன்றும் செய்ய முடியாது" என்று குடும்பமே ஒத்துக்கொண்டுவிடுகிறது. அப்படி இல்லை. 2002இல் மத்தியப் பிரதேச மின் வாரிய வழக்கில், மழை பெய்த இரவில் சைக்கிளில் வீடு திரும்பியவர் சாலையில் கிடந்த மின்கம்பியால் இறந்ததற்கு வாரியமே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கவனக்குறைவை நிரூபிக்க வேண்டிய பாரம்கூட குடும்பத்தின் மேல் இல்லை. ஆனால் அதற்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும், பிரேதப் பரிசோதனை அறிக்கை வேண்டும். துக்கத்தில் உடலை அப்படியே அடக்கம் செய்துவிட்டு வந்தால் என் கையில் எதுவும் மிஞ்சாது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்கும் உறவுக்காரர் யாராவது ஒருவர் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வீட்டு வரி ரசீது, பட்டா, அடங்கல், அம்மாவின் பாஸ்புக் முதல் பக்கம், பாலிசி இருந்தால் அது, எல்லாவற்றையும் போட்டோ எடுத்து உங்கள் போனில் ஒன்று, அண்ணன் போனில் ஒன்று வையுங்கள். பத்திரம் தண்ணீரில் போனால் பதறாதீர்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும். வீட்டின் நான்கு பக்கச் சுவரையும் கூரையையும் நன்றாக இருக்கும்போதே ஒருமுறை எடுத்துவிடுங்கள். என்னிடம் வந்தாலும் வேறு வக்கீலிடம் போனாலும், முத்திரை வைத்த மனுவின் நகலோடு போங்கள்.