விரல் மடங்காத காலையும் குரலால் வைக்கும் வேலைப் பட்டியலும்

நீலகிரியில் உறைபனி இறங்கும் மார்கழி, தை மாதங்களில், முடக்குவாதம் என்ற மூட்டு நோய் உள்ளவர்களுக்கு விடிந்தபின் வரும் முதல் ஒரு மணி நேரம்தான் மிகக் கடினமானது. காலை விறைப்பு குறைந்தது ஒரு மணி நேரம் நீடிப்பதை, இந்நோயை அடையாளம் காண அமெரிக்க வாதநோய்ச் சங்கம் 1987 இல் வகுத்த அளவுகோல்களில் ஒன்றாகவே சேர்த்திருந்தது. அன்றைய வேலைகள் வரிசையாக மனத்தில் எழுவதும் அதே நேரத்தில்தான்: பச்சைத் தேயிலையை எடைக்கு அனுப்ப வேண்டும், காஸ் பதிவு செய்ய வேண்டும், ஊட்டிக்குப் போய் ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க வேண்டும். எழுதலாம் என்றால் பேனாவைப் பிடிக்க விரல் மடங்காது. விரல் தொடும்போது ஏற்படும் மின் மாற்றத்தை உணர்ந்தே கைபேசித் திரை இயங்குவதால், சாதாரணக் கம்பளிக் கையுறையோடு தொட்டால் அதற்குத் தெரிவதில்லை. கையுறையைக் கழற்றினாலோ விரல் மேலும் விறைத்துக்கொள்கிறது.

இத்தகையோருக்கும், பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்தவர்களுக்கும், மணிக்கட்டு அறுவை சிகிச்சை முடிந்து கட்டோடு இருப்பவர்களுக்கும், பட்டியலைக் குரல் உதவியிடம் (பேச்சைக் கேட்டு இயங்கும் கைபேசிச் செயலி அல்லது ஸ்பீக்கர்) சொல்லி வைத்துக்கொள்ளும்படி, அன்றாட வேலைகளைத் தாமே செய்ய நோயாளிகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில் நான் பரிந்துரைப்பதுண்டு. கருவி வாங்கியதும் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். வாயால் சொல்வது எளிதாக இருப்பதாலேயே, நினைத்ததெல்லாம் பட்டியலில் போய் விழுகிறது. ஒரு மாதத்தில் அதைத் திரும்பக் கேட்கும் பொறுமை யாருக்கும் இருப்பதில்லை.

தாளில் இருபது வரி இருந்தாலும் கண் வேண்டாததைத் தாண்டி வேண்டியதில் போய் நிற்கும். காதுக்கு அந்த வசதி கிடையாது. முதலிலிருந்து வரிசையாகக் கேட்டே ஆக வேண்டும். மனத்தில் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொள்ளக்கூடியவை ஏறக்குறைய நான்குதான் என்று உளவியலாளர் நெல்சன் கோவன் 2001 இல் வாதிட்டார். எனவே ஒரே நீண்ட பட்டியலுக்குப் பதிலாக, தோட்டம், மார்க்கெட், ஆஸ்பத்திரி என்று இடவாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நான்கைந்து வேலைகளுக்கு மேல் சேராமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன். சொல்லும் முறையும் முக்கியம். "உரம்" என்று மட்டும் சொல்லி வைத்தால், வாங்குவதா, போடுவதா, கடன் பாக்கியைக் கொடுப்பதா என்று மூன்று நாள் கழித்து அவருக்கே தெரியாது. "செவ்வாய்க்கிழமை காலை கூட்டுறவுச் சங்கத்தில் உரம் வாங்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் ஒரே வேலையை முழு வாக்கியமாகச் சொல்வதே நல்லது. நடுவில் யோசித்து நிறுத்தினால், பேச்சு முடிந்துவிட்டதாகக் கருவி எடுத்துக்கொள்ளும்.

மொழித் தடையும் இருக்கிறது. இத்தகைய உதவிகளில் ஒன்றான கூகுளின் ஜெமினி செயலி 2024 ஜூனில் இந்தியாவில் வெளியானபோதே தமிழை ஏற்றது. ஆனால் வீட்டில் நீலகிரிப் படகர்களின் மொழியே பேசிப் பழகிய பெரியவர்கள் தமிழுக்கு மாறித்தான் பேச வேண்டியிருக்கிறது. அதிலும் அரவேணு, கட்டபெட்டு, சோலூர்மட்டம் போன்ற பெயர்கள் எப்படியெல்லாமோ திரிந்து பதிவாகின்றன. ஊர்ப்பெயரைச் சொல்லாமல் "அக்கா வீடு", "பழைய பேக்டரி" என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக விழுகிறது. தன் ஊரின் பெயரைச் சொல்ல மனிதர் இத்தனை சுற்றுவழி தேட வேண்டியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை.

எதைக் கருவியிடம் விடுவது, எதை நாமே வைத்துக்கொள்வது என்பதற்கு ஓர் ஆய்வு உதவுகிறது. ஐன்ஸ்டைன், மெக்டேனியல் என்ற இரு உளவியலாளர்கள் 1990 இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நிகழ்வைக் கண்டதும் செய்ய வேண்டிய வேலையை நினைவுகூர்வதில் முதியவர்கள் இளையவர்களுக்குப் பின்தங்கவில்லை. குறித்த நேரத்தில் செய்ய வேண்டியவற்றில்தான் வயதின் தாக்கம் தெரிகிறது என்பதை அவர்களுடைய பின்னாளைய ஆய்வுகள் காட்டின. ஆகவே "பால்காரர் வந்ததும் பணம் கொடு" என்பதை மனத்திடமே விடலாம். "பதினொரு மணிக்கு வங்கிக்குப் பேசு" என்பதைக் கருவிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

மாத்திரைகளில் மட்டும் நான் மிகக் கண்டிப்பாக இருப்பேன். முடக்குவாதத்திற்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் விழுங்கினால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். "ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை என்று நினைவுபடுத்து" என்று மொட்டையாகச் சொல்லி, அது தினசரி நினைவூட்டலாகப் பதிவாகிவிட்டால், கருவி ஒவ்வோர் இரவும் தவறாமல் அழைக்கும். மாத்திரையின் பெயரையும் கிழமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "வாரம் ஒருமுறை" என்று பதிவாகியிருப்பதை வீட்டிலுள்ள இன்னொருவர் திரையில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். மருந்துப் பெட்டியின் மீதும் கிழமையைப் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். மழைக்காலத்தில் மின்சாரமும் இணையமும் போய்விட்டால் ஸ்பீக்கர் வாய் திறக்காது என்பதும் இந்தக் காகிதத்தை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம்.

கைக்கு வேலை இல்லை என்பதால் வண்டி ஓட்டிக்கொண்டே பட்டியலைச் சரிசெய்யலாம் என்று எண்ணுபவர்களும் உண்டு. கையில் பிடித்த கைபேசியை ஓட்டும்போது பயன்படுத்துவதை 2019 இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. குரலால் இயக்குவதை அது குறிப்பிடாவிட்டாலும், கவனம் சிதறத்தான் செய்கிறது. சில குரல் கட்டளைகளுக்குப் பிறகு கவனம் முழுமையாகத் திரும்ப 27 விநாடிகள் வரை ஆகலாம் என்று அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஏஏஏ அறக்கட்டளை 2015 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் அது 225 மீட்டர். மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் அந்தத் தூரத்திற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவே வந்துவிடலாம்.

அமைத்துக் கொடுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வரும் பேரன் தன் கணக்கிலேயே கருவியை இணைத்துவிட்டுப் போய்விடுகிறான். பாட்டியின் நினைவூட்டல் அவனுடைய கைபேசியில், அலுவலகக் கூட்டத்தின் நடுவே ஒலிக்கிறது. பாட்டியின் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, குரல் பழக்கும் கட்டத்தில் அவரையே பேசவைத்து, பதிவான குரல் ஒலிகளை அழிக்கும் இடத்தையும் காட்டிக்கொடுத்து, ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு நாளாவது அவர் தானே பட்டியலைச் சேர்த்து, கேட்டு, முடிந்ததை நீக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுப் போகலாம்.