அன்கான்ஷியஸ்: ஆழ்மனமா, நனவிலியா?

வேலூரில் இந்தச் சொல் அதிகம் காதில் விழும் இடம் ஆஸ்பத்திரி வராந்தா. "அப்பா இன்னும் அன்கான்ஷியஸாதான் இருக்கார் சித்தப்பா" என்று போனில் ஒருவர் சொன்னால், நினைவு தப்பிக் கிடக்கிறார் என்று பொருள். ஜேக்கப் சாண்டி 1949-இல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய ஊர் இது. தலையில் அடிபட்டவர்களைச் சுமந்துகொண்டு ஆந்திராவிலிருந்தும் வருவார்கள். இந்தப் பொருளுக்குத் தமிழில் சண்டையே இல்லை. சுயநினைவின்மை, அவ்வளவுதான்.

அதே சொல்லை, இதே வேலூரின் பாகாயத்தில் இருக்கும் மனநல மருத்துவர் சொன்னால் கதை வேறு. ஆள் விழித்திருக்கிறார், பேசுகிறார். அவருக்கே தெரியாமல் மனம் பார்க்கும் வேலையைத்தான் அங்கே குறிப்பிடுகிறார்கள்.

வேர் லத்தீன். 'ஸ்கிரே' என்றால் அறிதல், 'கான்' என்றால் உடன். முன்னால் நிற்கும் ஆங்கில 'அன்' இல்லை என்கிறது. இந்தச் சொல்லை உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய ஃபிராய்டு கண்டுபிடித்ததாகப் பலர் எழுதுகிறார்கள், தவறு. கலைஞன் அறிந்து செய்வதும் அறியாமல் செய்வதும் படைப்பில் ஒன்றுசேர்வதை ஜெர்மானியத் தத்துவவாதி ஷெல்லிங் 1800-லேயே பேசிவிட்டார். அதாவது, இந்தக் கருத்து மருத்துவத்துக்குப் போகும் முன்பே கலையைப் பற்றிய பேச்சில் இருந்தது. ஃபிராய்டு இதே பெயரில் தனிக் கட்டுரை எழுதியது 1915-இல். 'சப்கான்ஷியஸ்' என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர்ப் பேச்சில் அதுதான் அதிகம் புழங்குகிறது என்பது வேடிக்கை.

தமிழுக்கு வருவோம். இந்த இரண்டாவது பொருளுக்கு ஆழ்மனம், நனவிலி என்று இரண்டு சொற்கள் போட்டியிடுகின்றன. ஆழ்மனம் அழகான சொல், ஆனால் மனத்துக்குக் கீழே ஒரு தளம் இருப்பதாக முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது. நரம்பியல் காட்டுவது அப்படி இல்லை. மூளை அறுவைக்குப் பின் புதிய நினைவுகள் தங்காமல் போன எச்.எம். என்ற நோயாளியிடம், கண்ணாடியில் மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு இழுக்கச் சொன்னார் நரம்பு உளவியலாளர் பிரெண்டா மில்னர். மூன்று நாளில் கை நன்றாகப் பழகிவிட்டது. அவரைக் கேட்டால், இதற்குமுன் செய்ததே இல்லை என்பார். கைக்குத் தெரிந்தது ஆளுக்குத் தெரியவில்லை. இதில் ஃபிராய்டு சொன்ன அடக்கி வைத்த ஆசை ஏது, ஆழம் ஏது?

அதனால்தான் நனவிலி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நனவு பழைய சொல். 'நனவென ஒன்றில்லை ஆயின்' கனவில் வந்த காதலர் பிரிந்திருக்க மாட்டாரே என்று குறளில் தலைவி புலம்புகிறாள். கனவுக்கு எதிரான விழிப்பு நிலை அது. ஒரே சிக்கல், அறிவிலி, நாணிலி போல 'இலி' ஆளைக் குறித்துவிடும். நனவிலி மனம், நனவிலிச் செயல் என்று அடைமொழியாக எழுதினால் தீர்ந்தது.

அப்புறம் கணினி. காட்பாடிப் பக்கம் பொறியியல் படிக்கும் பிள்ளைகளில் சிலர், செயற்கை நுண்ணறிவில் பயன்படும் நரம்பு வலைப்பின்னலின் மறை அடுக்குகளை இயந்திரத்தின் ஆழ்மனம் என்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. கல்லை யாரும் அறிவிலி என்று திட்டுவதில்லை. இருக்க வேண்டியவரிடம் இல்லாதபோதுதான் அந்தப் பேச்சு. தவிர, அந்த அடுக்கு மறைந்திருப்பது பெயரில்தான். உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் நடுவில் இருப்பதால் வந்த பெயர் அது. வேண்டுமானால் அதிலுள்ள எண்களை ஒன்றுவிடாமல் அச்செடுத்து மேஜையில் பரப்பலாம், பொருள் புரியுமா என்பது வேறு விஷயம்.